டேஷ் கேமரா: முன்கண்ணாடிப் பிரதிபிம்பமும் பொருத்தும் இடமும்

மோட்டார் வாகனத்தின் முன்கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தப்பட்டு, வண்டி ஓடும்பொழுதெல்லாம் எதிரேயுள்ள வீதியின் காட்சியை இடைவிடாது பதிந்து, நினைவக அட்டை நிறைந்ததும் பழைய பதிவுகளை அழித்துப் புதியவற்றுக்கு இடம் செய்துகொள்ளும் சிறு உபகரணம் டேஷ் கேமரா எனப்படும். அதன் பதிவில் நேரும் குறைகளுள் மிகவும் சாதாரணமானது, வெளியே தெரியும் வீதியின்மேல் வண்டிக்குள் இருக்கும் டேஷ்போர்டின் வெளிறிய பிம்பம் திரைபோல் படிந்து நிற்பதாகும். விலையுயர்ந்த கேமரா வாங்கினால் இக்குறை தீரும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் இது கேமராவில் பிறக்கும் குறையன்று; கண்ணாடியின் சாய்வும், டேஷ்போர்டின் நிறமும், கேமரா அமர்ந்த இடமும் கூடிப் பிறப்பிப்பது.

பெங்களூரில் இதன் தீங்கை நன்கு உணர்த்தும் பகுதி சிவாஜிநகர். 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு வந்து அமைத்த தண்டுப் பிரதேசத்தில், பிளாக்பள்ளி என்ற பெயரோடு, சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் திரளாகக் குடியேறி வளர்த்த பேட்டை இது. நாராயண பிள்ளைத் தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்னும் பெயர்கள் அந்தக் குடியேற்றத்துக்கு இன்றும் சாட்சியாக நிற்கின்றன. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் செல்வதற்கென அமைந்த அத்தெருக்களில் இன்று காரும், ஆட்டோவும், ஸ்கூட்டரும், தள்ளுவண்டியும் ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கிச் செல்வதால், உரசிவிட்டு நில்லாமல் போகும் வண்டியின் எண்பலகை ஒன்றே பல சம்பவங்களில் எஞ்சும் தடயமாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. எனினும் எண்ணே தெரியாத பதிவைச் சான்றிதழ் எவ்விதத்திலும் தெளிவாக்கிவிடாது. பிம்பத்தின் ஒளி கரிய எழுத்துக்களின்மேல் ஏறி அவற்றைச் சாம்பல் நிறமாக்கும்பொழுது, எழுத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள வேற்றுமையே மங்கிப்போகிறது.

இப்பிம்பம் பிறக்கும் விதத்தைச் சற்று நிதானமாகக் காண்பது அவசியம். இன்றைய கார்களின் முன்கண்ணாடி கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் அமைந்திருப்பதாகக் கொள்வோம். கேமராவிலிருந்து நேர்முன்னே செல்லும் பார்வைக்கோடு அக்கண்ணாடியைச் சந்திக்கும் இடத்தில் படுகோணம் 60 பாகையாகிறது. அங்கே பிரதிபலிக்கும் கோடு, முன்னோக்கியே 60 பாகை கீழிறங்கி, டேஷ்போர்டின் மேற்பரப்பில் கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டிய பட்டையில் போய்ச் சேர்கிறது. ஆகவே வெயிலில் அப்பட்டை ஒளிரும்போதெல்லாம் அதன் பிம்பம் வீதியின் காட்சியோடு கலந்து கேமராவை அடைகிறது. ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடி, செங்குத்தாக விழும் ஒளியில் பரப்பு ஒன்றுக்கு 4 சதவீதத்தையே திருப்பியனுப்பும். 60 பாகையிலோ அது ஏறத்தாழ 9 சதவீதமாகிறது. உட்பரப்பும் வெளிப்பரப்பும் சேர்ந்து, விழுந்த ஒளியில் ஏறத்தாழ 15 சதவீதத்தைப் பிரதிபலிப்பதோடு, இரு பரப்பும் தனித்தனியே பிம்பம் தருவதால் விளிம்புகள் இரட்டித்தும் தோன்றுகின்றன.

ஆட்டோவின் நிலை இதற்கு மாறானது. அதன் கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதாலும், அதன் கீழே வெயிலை வாங்கும் அகன்ற டேஷ்போர்டு இல்லாததாலும், அங்கே அமைந்த கேமராவுக்குப் பெரும்பாலும் தன் உருவமும் ஓட்டுநரின் சட்டையுமே பிம்பமாகத் தெரியக்கூடும். அவையும் கூரையின் நிழலில் இருப்பதால் மங்கியே தெரியும்.

பெங்களூர் வட அட்சரேகை 12.97 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் உச்சியில் நின்று, நட்டுவைத்த கோலுக்கும் நிழலில்லாமற் செய்கிறது. அத்தகைய வெயில் சாய்ந்த கண்ணாடியின் வழியே டேஷ்போர்டின்மேல் தடையின்றி இறங்குகிறது. அதே வேளையில் மரநிழலோ கடைகளின் தாழ்வாரமோ எதிர்ப்படும் காட்சியை இருளாக்குமானால், பிம்பம் முழு வலிமையோடு மேலெழும். வெளிச்சமான ஆகாயத்தின்மேல் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எண்பலகைகள் ஊரும் நிழலிடங்களிலேயே அது ஆட்சி செய்கிறது.

ஆகவே முதற்பரிகாரம் டேஷ்போர்டில் தொடங்க வேண்டும் என்பதே சரியான முறை. நம் நாட்டில் பலர் விரும்பி வாங்கும் இளமஞ்சள் நிற உட்புறம் ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கிறது. சர்வீஸ் நிலையங்களில் பூசும் பளபளப்பு பாலிஷ் அதை மேலும் கேடாக்குகிறது. பளபளப்பற்ற கறுப்புத் துணி விரிப்பு ஒன்றை அளவாக வெட்டி, கண்ணாடியின் ஓரம்வரை விரித்துவிட்டால், மற்றெந்தச் செலவுமின்றிப் பிம்பத்தின் பெரும்பகுதி அடங்கும். பனிநீக்கும் காற்றுத்துவாரங்களையும் ஏர்பேக் மூடியையும் மட்டும் விரிப்பு மறைக்கலாகாது. பார்க்கிங் சீட்டும், செய்தித்தாளும், கைக்குட்டையும் கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டிய பட்டையில் இருக்கவே கூடாதவை.

சிவாஜிநகரில் டேஷ்போர்டு என்பது வெறும் பிளாஸ்டிக் பலகையன்று. அது வண்டிக்காரரின் வழிபாட்டிடமும் ஆகும். பிள்ளையாரும், மல்லிகைச் சரமும், 786 என்னும் எண்ணும், செயின்ட் மேரி பசிலிக்காவை நாடிச் செல்வோர் வைத்திருக்கும் மாதா சொரூபமும் அங்கே இடம் பெறுகின்றன. பிம்பத்தின் பொருட்டு இவற்றை அகற்றுமாறு ஒருவரிடம் சொல்வது அழகுமன்று, அவசியமுமன்று. கேமராவின் பிரதிபலித்த பார்வை முன்னோக்கியே இறங்குவதால், அதற்கு நேர்கீழாகவும் அதற்குப் பின்னாகவும், அதாவது இருக்கைகளை நோக்கிய விளிம்பில் வைத்த உருவம், பெரும்பாலும் பிம்பத்தில் சேர்வதில்லை. இடப்பக்க ஏர்பேக் மூடியின்மேல் மட்டும் கடினமான பொருள் எதையும் வைக்கலாகாது; அது விரியும் வேகத்தில் அப்பொருள் பயணியின்மேல் பாயும்.

இரண்டாவது பரிகாரம் ஒளியின் தளவிளைவைச் சார்ந்தது. 1808-இல் மாலுஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிஸில் ஓர் அரண்மனையின் சன்னல்களில் பிரதிபலித்த அந்திச்சூரியனைக் கால்சைட் படிகத்தின் வழியே நோக்கி, பிரதிபலித்த ஒளி ஒரே தளத்தில் அதிர்வதைக் கண்டறிந்தார். 1815-இல் புரூஸ்டர், அது முழுமையாக நிகழும் கோணத்துக்கு விதி வகுத்தார். கண்ணாடிக்கு அக்கோணம் சுமார் 56 பாகை. முன்கண்ணாடியின் 60 பாகை அதற்கு இத்துணை அருகில் அமைந்தது வாகன ஓட்டிகளின் நல்வாய்ப்பு. திருச்சிராப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் மறைந்த சர் சி. வி. ராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடற்பரப்பில் பிரதிபலித்த ஆகாய ஒளியை நிகோல் பட்டகத்தால் விலக்கிப் பார்த்து, நீரின் நீலம் ஆகாயத்திடம் இரவல் வாங்கியதன்று என நிறுவியது இதே தத்துவத்தைக் கொண்டேயாகும். அன்று அவர் கையிலிருந்த பட்டகம் செய்த வேலையைத்தான், கடைகளில் சி.பி.எல். ஃபில்ட்டர் என்று கேட்டு வாங்கும் சிறு வட்டக் கண்ணாடி இன்று கேமரா லென்ஸின் முன் செய்கிறது.

இந்த ஃபில்ட்டரைச் சுழற்றிச் சரியான நிலையில் நிறுத்தினாலன்றிப் பிரயோஜனமில்லை. வெயிலில் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டின்மேல் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து, கைப்பேசித் திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே, காகிதத்தின் பிம்பம் மிகவும் மங்கும்வரை ஃபில்ட்டரைத் திருப்புவதே நம்பத்தக்க முறை. கண்ணாடி வளைந்து செல்லும் ஓரங்களில் பிம்பம் ஓரளவு எஞ்சும். முன்செல்லும் கார்களின் பதப்படுத்திய பின்கண்ணாடியில் புள்ளிகளும் வானவில் நிறங்களும் தோன்றக்கூடும்; அது கேமராவின் பழுதன்று, அக்கண்ணாடியில் உறைந்த தகைவின் தோற்றம். ஃபில்ட்டர் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதால், இருட்டில் ஓட்டுவோர் அதைக் கழற்றிவைப்பதே நலம். டேஷ்போர்டே இருண்டிருக்கும் வேளையில் அதற்கு வேலையுமில்லை. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிப் பிம்பத்தைத் தடுக்க முயல்வது சட்டத்துக்கும் பொருந்தாது: 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியையேனும் கடத்த வேண்டும் என்று விதிக்கிறது, 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாள்களைத் தடைசெய்தது.

கேமராவுக்கு ஏற்ற இடம் பின்புறம் காட்டும் உட்கண்ணாடியின் பின்னே, ஓட்டுநர் வலப்புறம் அமரும் நம் வண்டிகளில் அதற்குச் சற்று இடப்புறம். ஓட்டுநரின் பார்வையை மறைக்காததும், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் அடங்குவதுமாகிய இடம் அதுவே. பாஸ்டேக் வில்லையையும் மேல்விளிம்பின் கரும்புள்ளிப் பட்டையையும் விட்டு விலக வேண்டும். லென்ஸ் கண்ணாடியை ஒட்டியிருந்தால் பிம்பம் வாராது என்பது முழு உண்மையன்று. ஒட்டியிருக்கும்போதும் கண்ணாடியின் சாய்வு மாறுவதில்லை. ஆனால் இடைவெளி குறுகியிருந்தால், லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறு ரப்பர் மறைப்பை வைத்து, டேஷ்போர்டிலிருந்து ஏறிவரும் ஒளியை அடைத்துவிடலாம். நெருக்கத்தின் பயன் அதுவே. காட்சியில் ஆகாயம் மிகுந்தால் வீதி இருண்டு பதியுமாதலால், தொடுவானம் சட்டத்தின் நடுவிலோ சற்று மேலேயோ நிற்குமாறு லென்ஸைச் சாய்க்க வேண்டும். கம்பியைப் பக்கத்தூணின் வழியே இறக்கும்போது, திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் முன்னே குறுக்கிடாமல் பின்னே செலுத்துவது கட்டாயம்.

உறிஞ்சுகுமிழ் வெயிலில் தளர்ந்து விழும். இருபுறமும் ஒட்டும் பட்டையே நிலைத்து நிற்கும். எனினும் கேமராவைத் தன் பிடியிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய வகையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து வெயிலில் எழும் ஆவி கண்ணாடியின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்து, மாலைச் சூரியனை எதிர்கொள்ளும்போது காட்சி முழுவதையும் வெளுக்கச் செய்கிறது. லென்ஸுக்கு நேர்முன்னே இருக்கும் அந்த உள்ளங்கையளவு இடத்தைத் துடைக்கக் கேமராவைக் கழற்றியாக வேண்டும்.