பாலையூற்றுக்குப் பெயர் தந்த மரம்

திருகோணமலை நகரின் விளிம்பில் இருக்கும் பாலையூற்றின் பெயரைப் பிரித்தால் இரண்டு சொற்கள் வரும்: பாலை, ஊற்று. ஊற்று எல்லோருக்கும் தெரிகிறது. பாலை என்றால் என்னவென்று பாடசாலைப் பிள்ளைகள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். “பாலைவனம்” என்றார்கள். வயதானவர்கள் மரத்தைச் சொன்னார்கள், கூடவே பழத்தின் ருசியையும்.

பாலை எங்கள் வறள்வலயக் காட்டின் பெருமரம். தாவரவியலில் மனில்காரா ஹெக்சாண்ட்ரா, சிங்களத்தில் பலு. தடித்த இலையின் நுனியில் சின்ன வெட்டு விழுந்தது போலிருக்கும். கிளையை ஒடித்தால் பால் கசியும். சோளகம் வீசும் மாதங்களில் மஞ்சளாகப் பழுக்கும் பழம் நன்றாக இனிக்கும், அதிகம் தின்றால் உதடு ஒட்டும். வன்னி வீதியோரங்களில் பேணியால் அளந்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வில்பத்து, யால காடுகளில் கரடிகள் இந்தப் பழத்துக்காகவே மரமேறும். மரம் தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது. ஆனால் வளர்வது மிக மெதுவாக. அதனால்தான் நாற்றுமேடைக்காரர்கள் இதை விரும்புவதில்லை. இந்தியாவில் பாலைக் கன்றுகளைப் பெருமளவில் வளர்க்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் சப்போட்டாவை ஒட்டுவதற்கான ஒட்டுக்கட்டையாக. தலையை வெட்டிவிட்டு, மெக்சிக்கோப் பக்கத்துப் பழமரம் ஒன்றை அதன் வேரில் வாழ வைக்கிறார்கள்!

போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கின் வீதியோரக் காடுகள் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெட்டப்பட்டன. பனைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். வேலி இல்லை, வீடு இல்லை, ஒழுங்கையும் இல்லை என்ற நிலையில் காணியை அடையாளம் காட்டுவது கிணறும் மரமும்தான். எங்கள் ஊர்ப் பெயர்களும் அப்படித்தான்: ஆலங்கேணி, புளியங்குளம், இலுப்பைக்கடவை, மருதங்கேணி. மரமும் நீரும் சேர்ந்த பெயர்கள். மரம் போய், அதைத் தெரிந்தவர்களும் போய்விட்டால் அந்தப் பெயர் வெறும் ஒலி. பெயர்களே மாற்றி எழுதப்படும் மாவட்டத்தில் இது சின்ன விடயம் அல்ல.

போர் முடிந்தபின் மரக்கன்று கொடுக்காத நிகழ்வு இல்லை. பெயர்ப்பலகை, படம், கன்று. கொடுப்பதோ அநேகமாகத் தேக்கு, மகோகனி. தேக்கு இலங்கைக்குரிய மரம் அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வீதி அழகுபடுத்தலுக்குப் போகன்விலாவும் மேமலரும். ஒன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றது மடகாஸ்கரிலிருந்து. இவற்றை வெட்டச் சொல்லவில்லை, நிழல் நிழல்தான். ஆனால் ஏப்ரலில் பொன்னாகக் கொட்டும் கொன்றையும் தண்ணீரில்லாத மண்ணிலும் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையும் இருக்க, காசு கொடுத்து வாங்கிய செடிக்கு பவுசர் தண்ணீர் ஊற்றுவது எனக்கு விளங்குவதில்லை.

இந்த மாவட்டத்தின் பெயரையே சுமக்கும் மரம் ஒன்றும் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. ஆங்கிலேய மர வியாபாரிகள் அதைத் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தார்கள். சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் பொருட்களையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் பயன்பட்டது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, சிறகு வைத்த காய். ஒரு நகரசபைப் பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எது?

கடற்கரையில் நிலைமை வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்கு வெறும் வெண்மணல்தான் அழகு. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அவர்களுக்குக் குப்பை. மணலை இறுக்கிப் பிடித்து, மேடு கலையாமல் காப்பவை அவைதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை மேடையில் ஒற்றுமைக்கு உதாரணம் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த ஊதாப் பூவை நேரில் பார்த்திருப்பார்கள் தெரியாது.

கார்த்திகைப்பூவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அது தமிழ்நாட்டின் மாநில மலர், சிம்பாப்வேயின் தேசிய மலர். 2003இல் விடுதலைப் புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தார்கள். அதிலிருந்து இங்கே அது பூ மட்டும் அல்ல. 2024இல் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியில் கார்த்திகைப்பூ வடிவ அலங்காரம் இருந்ததற்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது. வேலியோரத்தில் தானாக முளைக்கும் ஒரு கொடியைப் பிள்ளைக்குக் காட்ட ஆசிரியர் பயப்பட வேண்டியிருந்தால் இயற்கைக் கல்வியை எங்கிருந்து தொடங்குவது? அந்தப் பயத்தை மீறி நடப்பதும் உண்டு. தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் கார்த்திகை மாதத்தில் ‘கார்த்திகை வாசம்’ என்ற மலர்க் கண்காட்சியை நடத்துகிறது. ஒன்று மட்டும் கவனம்: கார்த்திகைக் கிழங்கு கொடிய நஞ்சு. பாடசாலையில் வளர்த்தால் வேலிக்கு அப்பால், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

பாலை கடலுக்கு அக்கரையிலும் உண்டு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் பாலையும் வீரையும் கருங்காலியும் எங்கள் காட்டில் போலவே சேர்ந்து நிற்கின்றன. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரில் அந்த மரங்களையும் சதுப்புச் செடிகளையும் நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் படிப்பிக்கும் இடம் அது. எங்களுக்கு 58 ஏக்கர் தேவையில்லை. பாலையூற்றில் ஒரு பாடசாலை வளவின் மூலை போதும்.

செய்முறையும் எளிது. பழக்காலத்தில் பாலை விதையைச் சேர்த்து, சதையைக் கழுவி, காயவிடாமல் உடனே பையில் போடவேண்டும். ஒவ்வொரு பைக்கும் ஒரு பிள்ளை, ஒரு தமிழ்ப் பெயர்ச்சீட்டு. கன்று மண்ணுக்குப் போவது ஐப்பசி மழை இறங்கியபின். தை மட்டும் வானம் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆனி, ஆடியில் காய்ந்த காற்று அடிக்கும்போது வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் போதும், மூன்றாம் வருடம் அதுவும் தேவைப்படாது. செலவு வேலிக்குத்தான். திருகோணமலையில் ஆடுமாடு மட்டும் அல்ல, நகருக்குள் திரியும் புள்ளிமான்களும் இளங்குருத்தைத் தேடி வரும். ஆள் உயரத்துக்குக் கம்பிவலை அடிக்காமல் கன்று நடுவது மானுக்குத் தீன் வைப்பதுதான்.