வீட்டிலேயே காந்தாரி மிளகாய் வளர்க்கலாம்: 10 நாளில் முளைக்கலைன்னு தொட்டியை கொட்டிடாதீங்க!

நாகர்கோவில்:

அவித்த மரச்சீனி கிழங்கு. பக்கத்தில் காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு வைத்து நசுக்கி, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றிய துவையல். குமரி மாவட்டத்தில் இந்த ருசிக்கு அடிமையாகாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் தென்னை மூட்டில் தானாக முளைத்துக் கிடந்த செடிதான் காந்தாரி. இப்போது முற்றம் எல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டது. சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சாதாரண பச்சை மிளகாயை விட விலையும் பல மடங்கு.

விதை போட்டு வளர்க்கலாம் என்று இறங்கும் பலரும் சொல்வது ஒரே புகார்தான். "போட்டேன், முளைக்கவே இல்லை." பெரும்பாலும் விதை மேல் தப்பு இல்லை. அவசரம்தான் தப்பு. சாதாரண மிளகாய் விதை ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். காந்தாரி அப்படி இல்லை. இரண்டு வாரமும் ஆகும், நாலு வாரமும் ஆகும். பத்தாவது நாள் தொட்டியை கொட்டினால் முளைக்கப்போகிற விதையும் சேர்ந்து குப்பைக்குத்தான் போகும்.

எவ்வளவு காரம்?

மிளகாய் காரத்தை அளக்க 1912-ல் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் ஒரு முறை கொண்டு வந்தார். காரம் நாக்கில் தெரியாமல் போகும் வரை மிளகாய் சாற்றில் சர்க்கரை தண்ணீர் கலந்துகொண்டே போவதுதான் அந்த கணக்கு. காந்தாரி சுமார் 50 ஆயிரத்தில் இருந்து 1 லட்சம் ஸ்கோவில் வரை வரும். வடகிழக்கு மாநிலங்களில் விளையும் பூத் ஜோலோகியா 10 லட்சத்தை தாண்டி 2007-ல் கின்னஸ் சாதனை படைத்தது. 2023-ல் அமெரிக்காவின் பெப்பர் எக்ஸ் சுமார் 27 லட்சத்தில் முதலிடம் பிடித்தது.

அந்த ஆசையில் நானும் ஒரு தடவை கூரியரில் பூத் ஜோலோகியா விதை வரவழைத்தேன். நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தால், காய்த்தது பஜ்ஜி மிளகாய்! அதற்குப் பிறகு வடசேரி சந்தையில் கண்ணால் பார்த்து வாங்கும் பழத்தில் இருந்துதான் விதை எடுக்கிறேன்.

விதை எடுப்பது எப்படி?

பச்சை காயில் எடுத்த விதை சரியாக முளைக்காது. செடியிலேயே நன்றாக சிவந்து பழுத்த பழம் வேண்டும். வெள்ளை காந்தாரி என்றாலும் நிறம் மாறி பழுக்கும் வரை விடணும். விதையை நிழலில் மூன்று, நாலு நாள் காய வையுங்கள், வெயிலில் வேண்டாம். போடுவதற்கு முந்தின ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் நல்லது.

செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் சம பங்கு போதும். பச்சை சாணம் கூடவே கூடாது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். தண்ணீரை குவளையால் ஊற்றாமல் கையால் தெளியுங்கள். மண் சொதசொத என்று இருந்தால், முளைத்த நாத்தும் அடித்தண்டு அழுகி ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். இதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் விதைக்க வேண்டாம் என்கிறேன். தை, மாசி நல்ல நேரம். மழைக்காலத்தில் போட்டே ஆகணும் என்றால் தாழ்வாரத்தில் வையுங்கள்.

நாத்து அரை சாண் உயரம் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். காலி பெயிண்ட் வாளியே போதும், அடியில் நாலைந்து ஓட்டை போட மறக்காதீர்கள். காந்தாரி ஓரளவு நிழலையும் தாங்கும் என்பதால் அரை நாள் வெயில் விழுகிற மூலை இருந்தால் சமாளிக்கலாம். ஒழுங்காக பார்த்தால் ஒரே செடி சில வருஷம் காய்க்கும்.

இலை சுருண்டால் பூச்சி சாறு உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். முற்றிலும் சுருங்கிப்போன செடியை பிடுங்கிப் போடுவதே மேல், இல்லாவிட்டால் பக்கத்து செடிக்கும் பரவும்.

குருவிகள் பழத்தை கொத்தும். அவைகளுக்கு காரம் தெரியாது! விதையை அங்கங்கே பரப்பி விடுவதும் அவைகள்தான். விதைக்காக விட்ட பழத்துக்கு மட்டும் பழைய வலைத்துணி கட்டுங்கள்.

கை எரிந்தால்...

காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை சதையில். அதனால் விதை எடுக்கும்போது கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் இதை மறந்து கண்ணை தேய்த்துவிட்டு அரை மணி நேரம் அழுதேன். சின்ன பிள்ளைகள் இருக்கிற வீட்டில் செடியை உயரத்தில் வையுங்கள். சிவப்பு பழத்தை பார்த்து வாயில் போட்டுவிடும்.

எரிச்சலுக்கு வெறும் தண்ணீர் கேட்காது. கை எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டு கழுவ வேண்டும். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். கண்ணில் பட்டால் மட்டும் சுத்தமான தண்ணீரில் திரும்பத் திரும்ப கழுவுங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு போய்விடுங்கள்.