இல்லறத்தின் இருளும் அலமேலம்மாவின் அணிகலன்களும்

இல்லறத்தை நல்லறமெனப் போற்றிய நம் முன்னோர், அதன் இருண்ட பக்கத்தை அறியாதவர் அல்லர். மணவாழ்வினுள் மறைந்து கிடக்கும் அச்சத்தையும் வஞ்சத்தையும் பொருளாகக் கொண்ட புதினங்களுக்கு 'டொமஸ்டிக் நுவார்' என 2013-இல் பெயர் சூட்டினார் ஆங்கில எழுத்தாளர் ஜூலியா கிரவுச். பெயர் புதிது, பொருளோ பழையது. காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து சூழ்ந்தோடும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பழங்கதை ஒன்று இதற்குச் சான்றாகும்.

விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாய் அங்கு ஆண்ட திருமலராயரிடமிருந்து 1610-இல் மைசூர் ராஜ உடையார் அந்நகரைக் கைக்கொண்டார். இது வரலாறு. இதனையொட்டி எழுந்த மரபுக்கதையின் தலைவி, அப்பிரதிநிதியின் துணைவி அலமேலம்மா. அலர்மேல் மங்கை என்னும் நம் தமிழ்ப் பெயரே அலமேலு என மருவிற்று.

நோயுற்ற கணவர், ஆற்றின் கீழ்த்திசையிலுள்ள தலைக்காட்டில் உயிர்நீத்தார். அம்மையாரின் நகைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தப்பெற்று வந்தவை. அவற்றைக் கேட்டு அரசனின் ஆட்கள் வந்தனர். முத்து மூக்கணி ஒன்றை மட்டும் தந்துவிட்டு, ஏனையவற்றை முடிந்துகொண்டு, மாலங்கியருகே காவிரியில் பாய்ந்தார் அவர். தலைக்காடு மணலாகவும், மாலங்கி மடுவாகவும், மைசூர் அரசர் மகப்பேறின்றிப் போகவும் சபித்தார் என்பர்.

தலைக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைந்தது உண்மை. அதற்குக் காற்றையும் ஆற்றின் போக்கையும் காரணமாகக் காட்டுவர் ஆய்வாளர். உடையார் மரபில் தத்தெடுப்புப் பலமுறை நிகழ்ந்ததும் உண்மை. எனினும் 2015-இல் தத்துரிமையால் பட்டமேற்ற யதுவீருக்கு 2017-இல் ஆண்மகவு பிறந்தது. ஆதலின் சாபம் பலித்ததா என்பதினும், அது ஏன் பிறந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது.

கணவன் வாழ்ந்தவரை அலமேலம்மா அரசமாதேவி. அவன் மறைந்ததும் அவர் மேனியிலிருந்த பொன்னும் பிறர் கேட்கும் பொருளாயிற்று. கண்ணகிக்கேனும் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து வழக்குரைக்க இடமிருந்தது. இங்கோ நகை கேட்டவனே அரசன். முறையிட வேறு மன்றம் ஏது? மனைவியின் பாதுகாப்பு முழுவதும் கணவனின் உயிரையே சார்ந்திருந்த நிலைதான் இக்கதையின் இருள்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமையை அவளுக்கே முழுவுரிமையாக்கியது. சீதனம் மனைவியின் தனியுடைமையே என 1985-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும் மருமகளின் நகைப்பெட்டி மாமியார் அலமாரியில் பூட்டப்படும் இல்லங்களை நாம் இன்றும் காண்கிறோம்.

ராஜ உடையார் பின்னர் அலமேலம்மாவுக்குப் படிமம் அமைத்து வழிபட்டார் என்றும் மரபு கூறும். மறைந்தபின் படிமம் எடுப்பதினும், வாழும்போதே உரிமையை மதிப்பதன்றோ இல்லறத்தை நல்லறமாக்கும்!