பெயரும் திறனும்

கணினியில் ஓடும் நிரல் எதுவும் தனித்து வாழ்வதன்று. கோப்பைத் திறப்பதற்கும், மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்புவதற்கும் அது இயக்க முறைமையின் துணையையே நாட வேண்டும். அத்துணை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. எனவே, எது கிட்டும், எது கிட்டாது என்பதை நிரல் முன்னரே அறிதல் வேண்டும். எவ்வாறு அறிவது?

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். 1973-இல் அது சி மொழியில் திருத்தி எழுதப்பெற்றது. அதனால் பல பொறிகளுக்கும் பரவியது. பரவிய இடங்களிலெல்லாம் மாறவும் செய்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ஒரு வழியும், ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தார் வேறொரு வழியும் சென்றனர். நிரல் எழுதுவோர் முறைமைகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வகுத்தனர். புதிய பெயரொன்று தோன்றியதும் பட்டியல் பயனற்றுப் போயிற்று.

பெயரை நம்பினால் நேரும் இடருக்கு விண்டோஸ் ஒரு சான்று. 3.10-ஆம் பதிப்போ அதற்கு மேற்பட்டதோ வேண்டுமென எண்ணிய சில நிரல்கள், முன்னெண் 3-க்கும் பின்னெண் 10-க்கும் குறையலாகாது என்று தனித்தனியே சோதித்தன. 1995-இல் வந்த விண்டோஸ் 95-இன் எண் 4.0. பின்னெண் சுழியம் அன்றோ? புதிய முறைமையைப் பழையதெனக் கருதி அந்நிரல்கள் ஓட மறுத்தன. ஆகவே, பழைய 16 பிட் நிரல்கள் வினவினால் 3.95 என்று விடையளிக்குமாறு அம்முறைமை அமைக்கப்பட்டது. பிறர் பிழைக்காக முறைமையே பொய்யுரைக்க நேர்ந்தது!

மாற்று வழியும் முன்னரே பிறந்திருந்தது. 1984-இல் லாரி வால், தம் செய்தி படிக்கும் நிரலுடன், பொறியையே ஆராய்ந்தறியும் ஒரு கட்டளைத் தொகுப்பையும் வழங்கினார். 1991-இல் டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃப் என்னும் கருவியைத் தொடங்கினார். அதன் வழி எளியது. ஐயத்திற்குரிய வசதியைப் பயன்படுத்தும் சிறு சி நிரலொன்றை எழுதித் தொகுப்பியிடம் கொடுப்பது. அது பிழையின்றி உருப்பெற்றால் வசதி உண்டு, இன்றேல் இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போன்றதே இது.

எனினும், உருப்பெற்ற இடமும் ஓடும் இடமும் வேறாகலாம். அதனால் 1988-இல் வெளிவந்த போசிக்ஸ் தரநிலை, ஓடும்போதே சில வசதிகளைக் கேட்டறிய வழி வகுத்தது. பைத்தான் மொழியிலும், நிரலைக் கிளைக்கச் செய்யும் 'ஃபோர்க்' என்னும் செயற்கூறு உளதா என்று ஓடும்போதே வினவலாம். விண்டோஸில் அது இல்லை.

மாணவ நேயர்களே, பெயர் பழையதாகும், எண் ஏமாற்றும். நிரல் எழுதப் புகும் நீங்கள், முறைமையிடம் 'நீ யார்?' என்று வினவாதீர். 'உன்னால் இது இயலுமா?' என்றே வினவுங்கள்.