மலையடியும் மலைமேலும்: பழனி வட்டாரத்திற்குப் பல்கலைக்கழகக் கல்வி வந்த வழி

பல்கலைக்கழகம் என்றவுடன் மணிக்கூண்டும் நீண்ட தாழ்வாரங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பழனி வட்டாரத்து மக்களிடம் அஃது அவ்வுருவில் வரவில்லை. முதலில் அடிவாரத்தில் ஒரு கோயிலின் கல்லூரியாக வந்தது; பின்னர் மலைமேல் பெண்களுக்குரிய பல்கலைக்கழகமாக எழுந்தது. இவ்விரண்டுக்கும் முன்னரே அம்மலையில் உயர்ந்த கல்வி இருந்தது. ஆனால், அது நம்மவரை நோக்கி வந்த கல்வியன்று. இவ்வேறுபாட்டை நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதி வைத்தல் தகும்.

1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கோடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறியவர்கள் அவர்கள். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையார் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். 1899இல் சென்னையிலிருந்து வானாய்வு நிலையம் கோடைக்கானலுக்கு வந்தது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் என்னும் அறிஞர் கண்டறிந்தது இந்த வானாய்வு நிலையத்திலேதான். உலகின் வானியல் நூல்கள் இன்றும் அவர் பெயரால் அதனைக் குறிக்கின்றன. அக்காலத்தில் மோட்டார் சாலை இல்லை. துரைமாரும் அவர்தம் பிள்ளைகளும் டோலிகளில் மலையேறினர். அவற்றைத் தோளில் சுமந்தவர்களின் பாதைக்குக் ‘கூலி காட்’ என்பதே பெயராக நிலைத்தது. சுமந்தவர்களுடைய பிள்ளைகள் மேலே எப்பள்ளியில் சேர்ந்தனர் என்று எவரும் கேட்கவில்லை.

செண்பகனூர்ப் பாதிரிமார் செய்த ஆராய்ச்சியைக் குறைத்துக் கூறல் முறையன்று. பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் ஆகிய இருவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. மலையின் செடிகொடிகளைப் பற்றிய அவர்களது சேகரிப்பும் பெரிது. எனினும், பளியரும் புலையரும் அவ்வாராய்ச்சிகளில் எழுதப்பட்டோராகவே நின்றனர், எழுதுவோராக அல்லர். ஒரு மலையில் கல்வி இருப்பது வேறு, அம்மலையின் மக்களுக்குக் கல்வி இருப்பது வேறு.

இனி அடிவாரத்திற்கு வருவோம். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதையர் தலைமையில் நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். 1947இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் அதனை மாகாணம் முழுமைக்கும் உரிமையாக்கியது. அதற்குப் பின் பதின்மூன்றே ஆண்டுகள். 1960இல் பழனித் தேவஸ்தானம் அருள்மிகு பழனியாண்டவர் கல்லூரியைத் தோற்றுவித்தது. கோயிலின் உபரி வருமானத்தைக் கல்விக்குச் செலவிட 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமும் இடந்தந்தது. எந்தச் சன்னிதியை நம் பாட்டனார் தொலைவில் நின்று கும்பிட்டனரோ, அச்சன்னிதியின் காணிக்கையில் பேரன் பட்டப்படிப்புப் படிக்கும் நிலை வந்தது. இதனைக் கருணை என்று சிலர் கூறுவர். உண்டியலில் விழுந்த காசில் நம் கைக்காசும் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அக்கல்லூரி பண்பாடு என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியது. அஃது எவருடைய பண்பாடு என்று வினவும் துணிவு, அவ்வகுப்பறைக்குள் சென்ற பின்னரே நம் இளைஞர்க்கு வாய்த்தது.

1970இல் பெண்களுக்கெனத் தேவஸ்தானம் தனிக் கல்லூரி தொடங்கியது. இக்கல்லூரிகளின் வரவை நகரத்தார் உணர்வதற்கும் நாட்டுப்புறத்தார் உணர்வதற்கும் வேறுபாடு உண்டு. 1978இல் மேல்நிலைப் பள்ளிகள் வருமுன், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் புகுமுக வகுப்புக்கே கல்லூரியை நாட வேண்டியிருந்தது. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ ஆண் பிள்ளையை அனுப்பக் கடன் வாங்கிய குடும்பம், பெண் பிள்ளைக்காகக் கடன் வாங்கத் தயங்கியது. பழனியிலேயே கல்லூரி அமைந்ததனால் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்ப முடிந்தது. 1944இல் தொடங்கிய மத்திய அரசின் உதவித்தொகையும், ஆதிதிராவிடர் நல விடுதிகளும் எஞ்சிய தடையைக் குறைத்தன. ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவதற்கில்லை: பசியோடு வகுப்பில் அமர்வோர் இருக்கின்றனர் என்பதை அதிகாரம் ஒப்புக்கொள்ள நெடுங்காலமாயிற்று. பழனித் தேவஸ்தானக் கல்வி நிலையங்களில் பயிலும் ஏறத்தாழ 4,000 மாணவ மாணவியர்க்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் திட்டம் 2022 நவம்பரில்தான் தொடங்கியது.

1984இல் தமிழ்நாடு அரசு அன்னை தெரசா பெயரால் மகளிர் பல்கலைக்கழகத்தைச் சட்டமியற்றி நிறுவியது. பம்பாய் மாகாணத்தில் கார்வே 1916இல் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் இதற்கு மூத்தது. தமிழ்நாட்டில் அரசு பெண்களுக்கென நிறுவிய முதல் பல்கலைக்கழகம் இதுவே. கோடைக்கானலின் அட்டுவம்பட்டியில் அதன் வளாகம் உள்ளது. பெண்களின் வாழ்வையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது அதன் தலையாய நோக்கம். அதனோடு தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், கல்வியியல், மனையியல், இசை, இயற்பியல், கணினியியல் எனத் துறைகள் பல்கின. விறகுச் சுமையும் குடிநீர்க் குடமும் ஓர் ஆய்வேட்டின் தலைப்பாகலாம் என்பதை நம் தாய்மார் நம்பமாட்டார்கள். ஆனால் பெண்ணியல் என்னும் துறை அதற்கு இடந்தருகிறது.

மாணவியர் வாழ்வும் ஒரு தன்மைத்தன்று. குளிரில் கம்பளி போர்த்து விடுதியில் உறையும் முதுகலை மாணவி ஒருத்தி. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்யும் ஆசிரியை ஒருத்தி. மலைமேல் உள்ள ஊரிலிருந்து நாள்தோறும் வருபவள் இன்னொருத்தி. இவர்களைவிடத் தொகையில் மிக்கவர்கள் இணைப்புக் கல்லூரி மாணவியர். பழனியாண்டவர் மகளிர் கல்லூரி இம்மகளிர் பல்கலைக்கழகத்தோடும், அத்தேவஸ்தானத்தின் ஆடவர் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள்! பழனியிலிருந்து கோடைக்கானல் மலைச்சாலை வழியே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அம்மலையை ஒரு முறையும் ஏறாமலே அம்மலைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பட்டச் சான்றில் பெறுவாள் தங்கை.

துறைகள் பலவாயினும் அவை எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர்க்குரிய 18 விழுக்காடு சேர்க்கையின் வாயிலைத் திறக்கும். 2009இல் அதனுள் அருந்ததியர்க்கென 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஆனால் இயற்பியல் வகுப்பில் அமர, மேல்நிலைப் பள்ளியிலேயே அறிவியல் பிரிவும் ஆய்வுக்கூடமும் கிடைத்திருக்க வேண்டும். அவை வாய்க்காத சிற்றூர்ப் பெண் விரும்பியோ விரும்பாமலோ கலைப் பாடத்திற்கே வந்து சேர்கிறாள். தமிழும் வரலாறும் நமக்கு ஆகாதவை என்பது என் கருத்தன்று. தானே தேர்ந்துகொள்ளும் நிலை வேண்டும் என்பதே கருத்து. நூறாண்டுகளுக்கு மேலாக சூரியனை ஆராயும் நிலையம் மலைமேல் இருக்க, அடிவாரத்துப் பெண்ணுக்கு இயற்பியல் எட்டாத பாடமாக இருப்பது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு 2005ஆம் ஆண்டு முதல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென ராஜீவ் காந்தி பெயரால் தேசிய ஆய்வு உதவித்தொகை வரத்தொடங்கியது. அதனால் நம் பெண்கள் சிலர் ஆராய்ச்சிவரை சென்றுள்ளனர். அத்தொகை காலந்தாழ்ந்து வரும் மாதங்களில் விடுதிக் கட்டணத்தை எதைக்கொண்டு செலுத்துவது என்பதே அவர்களுடைய கவலை. நம் சங்கம் இதுகாறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் புத்தகமும் வழங்கி வந்தது. இனி ஆராய்ச்சி மாணவியர் கைமாற்றாகப் பெற்று, உதவித்தொகை வந்ததும் திருப்பிச் செலுத்தும் ஒரு சிறு நிதியை ஏற்படுத்துமாறு பொதுக்குழுவினரை வேண்டுகிறேன்.