கணினிகள் ஒன்றையொன்று காணும் முறையின் வரலாறு: திருப்பூர் வீட்டுப் பட்டறைகளை முன்வைத்து

திருப்பூர் வட்டாரத்தில் வீடும் தொழிலும் ஒரே கட்டடத்தில் இருப்பது புதிதல்ல. கீழ்த்தளத்தில் நான்கைந்து பவர் டேபிளோ ஓர் எம்பிராய்டரி இயந்திரமோ ஓடும். மாடியில் குடும்பம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வைஃபை. இப்படிப்பட்ட இடங்களில் அடிக்கடி எழும் சிக்கல் ஒன்று உண்டு. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இணையம் நன்றாக வரும். ஆனால் கீழே உள்ள கணினியின் பெயர் அதன் ‘நெட்வொர்க்’ பகுதியில் தெரியாது. பெரும்பாலும் இது கருவியின் பழுதன்று. கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் முறை நாற்பது ஆண்டுகளில் பலமுறை மாறியதன் விளைவு.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1925 அளவில் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், எம்பிராய்டரி, செக்கிங் எனத் தனித்தனிச் சிறு கூடங்களில் வேலை நடப்பது இத்தொழிலின் இயல்பு. துணி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது சலானும் அளவுத்தாளும் உடன் போகும். ஏற்றுமதி வளர்ந்து, 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகி, 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் கோட்டா முறை முடிவுக்கு வந்த காலத்தில், அந்தத் தாள்களின் இடத்தைக் கோப்புகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. மாடியில் திருத்திய பேட்டர்ன் கீழே உள்ள கணினிக்கு உடனே போய்ச் சேராவிட்டால், பழைய அளவிலேயே துணி வெட்டப்பட்டுவிடக்கூடும்.

கணினிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நெட்பயாஸ் முறை, 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக சைடெக் நிறுவனம் உருவாக்கியது. ஒரே கம்பியில் கட்டப்பட்ட சில கணினிகளுக்காக அமைந்த முறை அது. ஒவ்வொரு கணினியும் தன் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லும். 1992இல் வெளிவந்த ‘விண்டோஸ் பார் ஒர்க்குரூப்ஸ்’ இதன்மேல் பெயர்ப்பட்டியல் பணி ஒன்றைச் சேர்த்தது. ஆங்கிலத்தில் இதற்கு பிரவுசர் என்று பெயர்; இணைய உலாவிக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழுவில் உள்ள கணினிகள் தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்தும். வென்ற கணினி பட்டியலை வைத்திருக்கும். மற்றவை 12 நிமிடங்களுக்கு ஒருமுறை வரை தம் இருப்பை அறிவிக்கும். மூன்று முறை தவறினால்தான் பெயர் நீக்கப்படும். அதாவது அணைத்துவிட்ட கணினியின் பெயர் அரைமணி நேரத்துக்கு மேலும் பட்டியலில் நிற்கலாம். அப்போதுதான் இயக்கிய கணினி தெரியாமலும் இருக்கலாம். பட்டியலை நம்பி இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று முடிவுகட்டுவது அன்றே சரியான வழியாக இருக்கவில்லை.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வேறொரு குழப்பத்தைச் சேர்த்தது. அதன் ஹோம் பதிப்பில் குழுவின் பெயர் ‘எம்எஸ்ஹோம்’. புரொபஷனல் பதிப்பில் ‘ஒர்க்குரூப்’. ஒரே வீட்டில் இரண்டு பதிப்புகள் இருந்தால் இரண்டும் தனித்தனிக் குழுக்களாகத் தெரிந்தன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை இணைப்பும் அதே மாதம் தொடங்கியது. வீட்டு வைஃபைக்கு வழி திறந்தது இப்படித்தான்.

2007இல் விஸ்டா, ஒவ்வொரு புதிய இணைப்பையும் வீடா, அலுவலகமா, பொது இடமா என்று கேட்டது. ‘பொது’ என்று சொன்னால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். இன்றும் இதுவே மிகப் பொதுவான காரணம். இணைப்பின் வகையைத் ‘தனிப்பட்டது’ என்று மாற்றினால் பல வீடுகளில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரிய திருப்பம் 2017 மே 12 அன்று நேர்ந்தது. வானாக்ரை என்ற பிணைத்தொகைத் தீநிரல், கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்.எம்.பி. 1 நெறிமுறையின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும் ஏராளமான கணினிகளில் அது நிறுவப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்.எம்.பி. 1 வழியே கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பகுதி இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய பெயர்ப்பட்டியல் பணி இந்த நெறிமுறையை நம்பியே நின்றது. அதனால் அதுவும் சேர்ந்து மறைந்தது. 2018இல் ஹோம்குரூப் வசதியும் நீக்கப்பட்டது. பெயர்களைக் கண்டறியும் வேலை டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற புதிய முறைக்குப் போனது. எக்ஸ்பி கணினிகளுக்கு அந்த முறை தெரியாது.

எம்பிராய்டரி கூடங்களைத் தாக்குவது இந்த இடைவெளிதான். டிசைன் மென்பொருளும் அதன் பூட்டுச் சாவியும் பழைய விண்டோசில் மட்டுமே இயங்குவதால், சில கூடங்களில் எக்ஸ்பி கணினி இன்னும் வேலை செய்கிறது. எஸ்.எம்.பி. 1ஐ மீண்டும் இயக்கினால் அது தெரியும். வானாக்ரை நுழைந்த கதவும் மீண்டும் திறக்கும். ஆர்டர் கோப்புகள் முழுவதும் இருக்கும் கணினியில் அதைச் செய்வது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பழைய கணினியை வைஃபையிலிருந்து விலக்கி, டிசைன் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோவது மெதுவானதுதான். ஆனாலும் அதுவே பாதுகாப்பானது.

ரவுட்டரும் காரணமாகலாம். விருந்தினர் வைஃபையில் சேர்ந்த கருவிக்கு இணையம் மட்டுமே கிடைக்கும். மற்றக் கணினிகள் மறைக்கப்படும். இணைய நிறுவனம் தந்த மோடத்தின் பின்னால் மாடிக்கென்று இன்னொரு ரவுட்டரை இணைத்திருந்தால், கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் முகவரிகள் தொடங்கும். உரக்கச் சொல்லும் பெயர் அந்த எல்லையைத் தாண்டாது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே வலையமைப்பாகும்.

எனவே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட முகவரியைக் கேட்டுச் சோதிப்பதே விரைவான வழி. கீழ்க்கணினியின் ஐ.பி. முகவரியை அறிந்து, அதன் முன் இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு, மடிக்கணினியின் கோப்பு உலாவியில் தட்டச்சு செய்ய வேண்டும். கோப்புறை திறந்தால் இணைப்பு சரி. பெயர் காட்டும் பணிதான் நின்றிருக்கிறது. கடவுச்சொல் கேட்டு மறுத்தால் சிக்கல் அனுமதியில் இருக்கிறது. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாக ஏற்பதில்லை. அதற்குக் கீழ்க்கணினியில் கடவுச்சொல்லுடன் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைய வேண்டும்.