கடல் தந்த மொழி

1884ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ‘ரிவர்ஸ்டேல்’ என்னும் பாய்மரக் கப்பல் சென்னையை அடைந்தது. தலைவனோடு பிணங்கிய அதன் இரண்டாம் துணை அதிகாரி இங்கேயே வேலையை விட்டு நீங்கினார். புகைவண்டியேறிப் பம்பாய் சென்று ‘நார்சிசஸ்’ என்ற கப்பலில் அமர்ந்தார். 1897இல் அக்கப்பலின் பெயர் ஓர் ஆங்கில நாவலின் தலைப்பில் இடம்பெற்றது. அதை எழுதியவர் அந்த மாலுமியே. ஜோசப் கான்ராட் என உலகம் அறிந்தவர். சென்னை மண்ணை அவர் மிதித்த செய்தியை நம்மவர் மிகுதியாகப் பேசக் காணோம்.

அவர் ஆங்கிலேயர் அல்லர். 1857இல், ருஷியப் பேரரசின் ஆட்சியிலிருந்த பெர்டிச்சிவ் நகரில் போலிஷ் குடியொன்றில் பிறந்தவர். கவிஞரான தந்தை அப்பல்லோ கொர்செனியோவ்ஸ்கி போலந்தின் விடுதலைக்காக உழைத்துக் குடும்பத்தோடு வடருஷியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். ஏழு வயதில் தாயையும் பதினோராம் வயதில் தந்தையையும் இழந்தார் சிறுவர். ஷேக்ஸ்பியர் அவருக்கு முதலில் அறிமுகமானது தந்தையின் போலிஷ் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே என்பது எண்ணத்தக்கது. ஆங்கில இலக்கியமே தாய்மொழியின் கைப்பிடித்துத்தான் அவரிடம் வந்தது!

இளமையிலேயே பிரெஞ்சு பயின்றிருந்தார். ஆங்கிலமோ, 1878இல் தம் இருபதாம் வயதில் இங்கிலாந்தின் கரையில் இறங்கியபோது அவருக்குச் சில சொற்களே தெரிந்த மொழி. கல்லூரியில் அன்று, கரையோரக் கப்பல்களின் மாலுமிகளிடமே அதனைக் கற்றார். 1886இல் பிரிட்டிஷ் குடிமகனானார். கப்பல் தலைவருக்குரிய தேர்விலும் தேறினார். முதல் நாவல் ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’ 1895இல் வெளிவந்தபோது அகவை முப்பத்தேழு. ‘லார்ட் ஜிம்’ 1900இலும் ‘நாஸ்ட்ரோமோ’ 1904இலும் தொடர்ந்தன. பெயர்ச்சொல்லின் பின் அடைமொழிகளை அடுக்கும் அவர் நடையில் வேற்றுமொழியின் ஓசை கேட்கிறது என்பர் திறனாய்வாளர். அதனைக் குறையென்று கூற என் மனம் ஒப்பவில்லை. அந்நடையின் ஆழமே அதில் இருக்கிறது. பேச்சிலோ போலிஷ் ஒலிப்பு இறுதிவரை நீங்கவில்லை.

புகழோடு பழியும் வந்தது. பொருளுக்காக அயல்மொழியில் எழுதித் தாயகத்தைத் துறந்தார் என்று 1899இல் போலிஷ் எழுத்தாளர் எலிசா ஒர்செஷ்கோவா கடிந்துரைத்தார். அச்சொல் கான்ராடின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. தாம் பிறந்த இனத்தையோ பெயரையோ மறுத்ததில்லை என்றும், குடும்பப் பெயரை அயலார் ஒலிக்க இயலாது சிதைப்பர் என்றே அதனை நூல்களில் இடவில்லை என்றும் 1901இல் ஒரு மடலில் விளக்கினார். ஆங்கிலத்தைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவே தம்மைத் தத்தெடுத்தது என்பது பிற்காலத்தில் அவர் கொண்ட முடிபு.

1924ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மறைந்தார். காண்டர்பரியில் உள்ள அவர் கல்லறையில் கொர்செனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ‘தியோடர்’ என்னும் நடுப்பெயரைத்தான் கல்தச்சர் எழுத்துப் பிழையோடு செதுக்கிவிட்டார்.